கொறக்காவும் ‘கீட்டோ’ குளிசையும்

போன மாதம் எங்களில் ஒருத்தி ஹொஸ்டலுக்கு ஒரு போத்தல் கொண்டு வந்தாள். இணையத்தில் ஓடர் பண்ணினது, 60 குளிசை. மாதச் சாப்பாட்டுக் காசில் பாதி அதுக்கே போயிட்டுது. முன்பக்கத்தில் ‘கீட்டோ’ என்று பெரிய எழுத்து. பின்பக்கத்தில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், ‘கார்சீனியா கம்போஜியா’. தேடினோம். அட, எங்கட கொறக்கா!

திருகோணமலை மீன் சந்தையில் சூரை வாங்கிக்கொண்டு போகும் சிங்கள வீடுகளில் அம்புல் தியலுக்கு அரைத்துப் பூசும் அதே கறுத்த, காய்ஞ்ச துண்டுதான். எங்கட வீடுகளில் பழப்புளிதான் கூட. ஆனாலும் அயல்வீட்டுச் சட்டி வந்தால் நாங்கள் வழிச்சுத்தான் அனுப்புவோம். ருசிக்கு மட்டுமில்லை, ஐஸ்பெட்டி இல்லாத காலத்தில் மீன் சில நாள் கெடாமல் இருந்ததும் அந்தப் புளிப்பால்தான்.

இது குளிசையானது எப்படி? 1965இல் மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் லூயிஸ், நீலகண்டன் என்ற இருவர் இந்தக் காயின் பிரதான அமிலம் ஹைட்ரொக்சி சிற்றிக் அமிலம் என்று கண்டார்கள். சில வருடத்தில் அமெரிக்காவில், மாச்சத்தைக் கொழுப்பாக்கும் ஒரு நொதியத்தை அது தடுக்கிறதென்று தெரிந்தது. எலிகள் குறைவாகச் சாப்பிட்டன, எடையும் குறைந்தது. வியாபாரிகளுக்கு அது போதும்.

மனிதரில்? 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஆய்வில் 135 பேர், 12 கிழமை, எல்லாருக்கும் ஒரே கட்டுப்பாட்டுச் சாப்பாடு. கொறக்காச் சத்து எடுத்தவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள். வெறுங்குளிசை எடுத்தவர்கள் 4.1 கிலோ! வித்தியாசம் பெரிதல்ல என்றுதான் ஆய்வாளர் எழுதினார்கள். விற்பனை நிற்கவில்லை. தொலைக்காட்சியில் இதைப் புகழ்ந்த டொக்டர் ஓஸை 2014இல் அமெரிக்க செனட் குழு கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. அதற்கு முன்பே, 2009இல், ஹைட்ரொக்சிகட் என்ற குளிசை கல்லீரல் பாதிப்பு முறைப்பாடுகளால் திருப்பி எடுக்கப்பட்டது. அதன் சில வகைகளில் கொறக்காச் சத்தும் இருந்தது. வேறு பல சேர்மானமும் இருந்ததால் குற்றவாளி எதுவென்று அப்போது பிரிக்க முடியவில்லை. பிறகு கொறக்காச் சத்தை மட்டும் எடுத்தவர்களிலும் கல்லீரல் நோய் பதிவானது.

‘கீட்டோ’ என்ற சொல்லின் கதை வேறு. 1921இல் மாயோ கிளினிக்கின் ரஸ்ஸல் வைல்டர் வலிப்பு நோய்க்காக வைத்த உணவுமுறையின் பெயர் அது. மாச்சத்தைக் கிட்டத்தட்ட விட்டுவிட வேண்டும். இங்கேதான் எங்களுக்குச் சிரிப்பு வந்தது: சோறே தின்னாதவளுக்கு, சோறு கொழுப்பாகாமல் தடுக்கும் குளிசை எதுக்கு?

அவள் சிரிக்கவில்லை. முழங்கால் நோவு, போன கிளினிக்கில் சீனியும் கூட. எடை குறையவேண்டியது உண்மை. நாங்கள் சிரிச்சது பிழை.

போத்தலில் இன்னும் 41 கிடக்கு. வாற செவ்வாய் கிளினிக். போத்தலையும் கையோட கொண்டுபோய் டொக்டரிட்டக் காட்டச் சொல்லியிருக்கிறோம். அதுவரைக்கும் அது எங்கட அலுமாரியில.