சிவப்புக் குதிரை விடுதியின் வமிசாவளி

குடும்ப வரலாறு எழுதப் புகுவோரை இரு வகையாகப் பிரிக்கலாம். மேல்நோக்கி ஏறிச் சென்று ஓர் அரச குலத்தையோ பிரபு குலத்தையோ தொட்டால்தான் மனநிறைவு கொள்வோர் ஒரு வகையினர். கைக்குக் கிடைத்த பத்திரம் எதுவரை அழைத்துச் செல்கிறதோ அதுவரை மட்டும் சென்று, அங்கே நின்றுகொள்வோர் மற்றொரு வகையினர். முன்னவர் எழுதுவதைக் கேட்கச் செவிக்கு இனிமையாக இருக்கும். ஆயினும் வரலாற்றை நாடுவோர் பின்னவரிடமே செல்ல வேண்டியிருக்கிறது. இவ்விரு போக்குகளும் ஒரே குடும்பத்தின்பால் எவ்வாறு செயல்பட்டன என்பதை அறிய, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சட்பரி என்னும் ஊரிலிருந்த ஹவ் குடும்பத்தார் நமக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாவர். நிலக்கிழார்களாகவும் விடுதிக்காரர்களாகவும் பல தலைமுறைகள் வாழ்ந்த குடும்பம் அது.

மூதாதை யார்?

இக்குடும்பத்தின் அமெரிக்க மூதாதை ஜான் ஹவ் என்பவர். இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள் சட்பரி ஊரை அமைத்த தொடக்க காலத்திலேயே அவர் அங்கு இருந்தார். 1640-ஆம் ஆண்டு அவர் வாக்குரிமை பெற்ற குடிமகனாக உறுதிமொழி எடுத்துக்கொண்டார். பின்னர் 1656-ல் மேற்கே புதிய ஊர் ஒன்று வேண்டுமென்று அரசை வேண்டிக்கொண்ட சட்பரிக்காரர்களோடு சேர்ந்து, மார்ல்பரோவில் குடியேறினார். 1660-களிலேயே அவ்வூரில் வழிப்போக்கர்களுக்கு விடுதி நடத்தினார். 1680-ல் இறந்தார். இவையெல்லாம் ஏடுகளால் நிறுவப்பட்டவை.

பிற்காலத்தார் இதோடு நிற்கவில்லை. ஜான் ஹவ் வாரிக்ஷயரைச் சேர்ந்த கனவான் ஒருவரின் மகன் என்றும், ‘சர்’ பட்டம் பெற்ற ஒரு சீமான் குடும்பத்தோடு உறவுடையவர் என்றும் எழுதி வைத்தனர். விடுதியின் கூடத்தில் குலச்சின்னம் ஒன்று சட்டமிடப்பட்டுத் தொங்கியது. ஆனால் கடலுக்கு இப்பாலுள்ள ஜானையும் அப்பாலுள்ள அந்தச் சீமானையும் இணைக்கும் சமகாலச் சான்று எதுவும் எடுத்துக்காட்டப்படவில்லை. பெயர் ஒன்றாயிருப்பது உறவுக்குச் சான்றாகாது. ஹவ் என்னும் பெயருடையோர் இங்கிலாந்தில் ஏராளம். மாசசூசெட்ஸிலேயே ஒன்றுக்கொன்று தொடர்பு நிறுவப்படாத ஹவ் குடும்பங்கள் பல குடியேறியிருந்தன. சங்கிலியில் ஒரு கண்ணி இல்லையெனில், அதற்கு மேலுள்ள கண்ணிகள் பொன்னாலானவையாயினும் பயனில்லை.

ஏடுகள் கூறும் சங்கிலி

இனி, மேலே ஏறாமல் கீழே இறங்கி வருவோம். 1639-ஆம் ஆண்டிலேயே மாசசூசெட்ஸ் அரசு பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை நாளுடன் பதிய வேண்டுமென்று ஆணையிட்டிருந்தது. நிலக்கைமாற்றமும் மரணசாசனமும் மாவட்ட அலுவலகங்களில் பதியப்பட்டன. விடுதி நடத்தவும், அங்கு மது விற்கவும் நீதிமன்றத்தின் உரிமம் வேண்டும். நன்னடத்தை உடையவருக்கே அது வழங்கப்படும். அதனால் விடுதிக்காரர் ஒருவரின் பெயர், சாதாரண உழவர் ஒருவரின் பெயரைக் காட்டிலும் அதிகமாக அரசாங்க ஏடுகளில் இடம்பெற்றுவிடுகிறது. வமிசாவளி ஆராய்ச்சியாளருக்கு விடுதிக்காரர் குடும்பம் வாய்ப்பது ஒரு பேறு எனலாம்.

இங்கு ஆராய்ச்சியாளர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. 1752-ஆம் ஆண்டு வரை ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு பிறந்தது மார்ச் 25-ஆம் நாள். ஆகவே பழைய ஏட்டில் 1701 பிப்ரவரி என்றிருந்தால், இன்றைய கணக்கில் அது 1702. இதை அறியாதவர், தாய் மணமுடிக்கும் முன்னரே பிள்ளையைப் பிறக்கச் செய்துவிடுவார். இறந்துபோனவரைக் கொண்டு பத்திரம் எழுத வைப்பார். நாள் ஒன்றைத் தவறாகப் படித்ததால் பழி சுமந்த குடும்பங்களும் உண்டு.

ஜானின் மகன் ஸாமுவேல் 1642-ல் பிறந்து 1713-ல் இறந்தார். ஸாமுவேல் 1702-ல் தம் மகன் டேவிடுக்குச் சட்பரியில் நிலம் கொடுத்தார். பாஸ்டன் நகரிலிருந்து மேற்கே செல்லும் அஞ்சல் பெருவழியின் ஓரத்தில் அந்நிலம் இருந்தது. 1673-ல் நியூயார்க்கிலிருந்து பாஸ்டனுக்கு முதல் அஞ்சல் குதிரைவீரன் புறப்பட்ட காலந்தொட்டு, அப்பாதைகளில் போக்குவரத்து பெருகிக்கொண்டிருந்தது. டேவிட் அங்கு இரண்டு அறைகள் கொண்ட ஒரு வீட்டைக் கட்டினார். 1716-ல் அவ்வீட்டை விடுதியாக நடத்த உரிமம் பெற்றார்.

ஏன் விடுதி? இதற்கு விடை பாகப்பிரிவினையில் இருக்கிறது. இங்கிலாந்தில் மரணசாசனம் இல்லாதபோது நிலமனைத்தும் மூத்த மகனுக்கே போவது பொது வழக்கு. மாசசூசெட்ஸிலோ 1641-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூத்தவனுக்கு இரு பங்கு, ஏனைய பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பங்கு. பிள்ளைகள் பலர் பிறந்த குடும்பங்களில், இரண்டு மூன்று தலைமுறைகளுக்குள் நிலம் துண்டுபட்டு, உழுது வாழப் போதாததாகிவிடும். எனவே தந்தையர் உயிரோடிருக்கும்போதே மகன்களுக்குப் பத்திரம் எழுதி நிலம் ஒதுக்கினர். மகன்களும் நிலத்தோடு ஒரு தொழிலைச் சேர்த்துக்கொண்டனர். பாதையோரத்து நிலம் கிடைத்தவனுக்கு விடுதியே இயல்பான தொழில். தோட்டத்தில் விளைந்தது விருந்தினரின் தட்டுக்கும், வயலில் அறுத்த புல் அவர்களின் குதிரைகளுக்கும் சென்றன. நிலக்கிழாரும் விடுதிக்காரரும் ஒருவராகவே இருந்ததன் சூட்சுமம் இதுவேயாகும்.

டேவிடுக்குப் பின் அவர் மகன் எஸேக்கியல் விடுதியை ஏற்றார். 1720-ல் பிறந்த இவர் வீட்டைப் பெரிதாக்கினார். மார்ல்பரோவில் கறுப்புக் குதிரை என்ற பெயரில் ஒரு விடுதி இருந்தமையால், தம் விடுதிக்குச் சிவப்புக் குதிரை என்று பெயரிட்டு, வாயிலில் அச்சின்னத்தைத் தொங்கவிட்டார். 1775 ஏப்ரல் 19-ஆம் நாள், ஆங்கிலப் படை கன்கார்டு ஊரை நோக்கி வந்த செய்தி கேட்டுப் புறப்பட்ட சட்பரி ஊர்ப்படையின் தலைவர்களுள் எஸேக்கியலும் ஒருவர். அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய நாள் அது. அவர் 1796-ல் இறக்கவே, மகன் ஆடம் பொறுப்பேற்றார். ஆடம் 1840-ல் இறந்தார். அவர் மகன் லைமன் தொடர்ந்தார்.

மரத்தில் எழுதப்படாத பெயர்கள்

டேவிட், எஸேக்கியல், ஆடம், லைமன் என்று நான்கு பெயர்கள் நேர்கோட்டில் நிற்கின்றன. காண அழகான சங்கிலிதான். ஆனால் இச்சங்கிலியில் யார் இல்லை என்று கேட்பதும் வரலாற்றாசிரியனின் கடமையன்றோ?

முதலாவதாக, பெண்கள். விடுதியின் சமையலறை, படுக்கைகள், சலவை, நோயுற்ற பயணியைப் பேணுதல் ஆகியவற்றை யார் செய்திருப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. உரிமமோ ஆண்மகனின் பெயரில் இருந்தது. டேவிடின் மனைவி ஹெப்ஸிபா திருமணப் பதிவிலும் பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலும்தான் நமக்குத் தென்படுகிறார். ஆடமின் மகள் ஜெரூஷா மணமுடிக்காமலே 1842-ல் இறந்தார். அவரை மணக்கவிருந்த ஆங்கிலேயன் ஒருவன் கடல் கடந்து சென்று திரும்பவில்லை என்றும், அவர் ஆவி இன்னும் அவ்வீட்டில் உலவுகிறதென்றும் கதை கட்டியிருக்கிறார்கள். வாழ்ந்த காலத்தில் அவர் செய்த வேலையைப் பதியாத உலகம், இறந்தபின் அவரை ஆவியாக்கிப் போற்றுகிறது.

இரண்டாவதாக, நிலத்தின் முன்னைய உடையவர்கள். மார்ல்பரோ அமைந்த இடத்தில் நிப்மக் என்னும் பூர்வகுடியினர் பயிர் செய்துவந்தனர். கிறிஸ்தவ சமயத்தைத் தழுவிய பூர்வகுடியினருக்காக ஜான் எலியட் என்னும் போதகர் அமைத்த ஊர்களுள் ஒன்று அங்கிருந்தது. ஆங்கிலேயரின் குடியிருப்பு அதன் அருகிலேயே எழுந்தது. ஜான் ஹவ் அவர்களோடு இணக்கமாக வாழ்ந்தார் என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். ஒருவன் நிலத்தில் வேரூன்றிய பூசணிக்கொடி அடுத்தவன் நிலத்தில் படர்ந்து காய்த்தது. காய் யாருக்கென்று வழக்கு வரவே, ஜான் கத்தி கேட்டு வாங்கிக் காயைச் சரிபாதியாக வெட்டிக் கொடுத்தாராம். கதை இனியதே, ஆனால் ஏட்டில் உள்ள செய்தி அவ்வளவு இனியதன்று. 1675-ல் போர் மூண்டபோது, ஆங்கிலேயருக்கு எதிராகக் கை ஓங்காத பூர்வகுடியினரும் ஐயத்துக்கு ஆளாகி, பாஸ்டன் துறைமுகத்திலுள்ள மான் தீவில் குளிரிலும் பசியிலும் அடைத்துவைக்கப்பட்டனர். 1676 மார்ச்சில் மார்ல்பரோ எரிக்கப்பட்டது. ஏப்ரலில் சட்பரியில் நடந்த சண்டையில் ஜானின் பெயரையே கொண்ட அவர் மகனும் கொல்லப்பட்டார். இரு பக்கமும் இழவுதான். ஆனால் போருக்குப் பின் நிலம் ஒரு பக்கத்தாரிடமே தங்கியது. 1682-ல் ஸாமுவேல் ஹவ், வேறொருவருடன் சேர்ந்து நேட்டிக் ஊர்ப் பூர்வகுடியினரிடம் நிலம் வாங்கினார். விற்றதைக் காட்டிலும் மிகுதியாக எடுத்துக்கொண்டார்கள் என்று விற்றவர்கள் முறையிட்டனர். பூசணிக்காய் சரிபாதியாக வெட்டப்பட்ட கதையைச் சொல்வோர், இந்த முறையீட்டையும் சேர்த்துச் சொல்வதே நீதியாகும்.

முடிவும் மறுவாழ்வும்

1835-ல் பாஸ்டனுக்கும் வூஸ்டருக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அது சட்பரி வழியாகச் செல்லவில்லை. கோச்சு வண்டிகள் குறைந்தன, பெருவழி வெறிச்சோடியது. லைமன் மணமுடிக்காதவர். 1861-ல் அவர் இறந்ததும் சொத்து உறவினர் கைக்குப் போயிற்று, விடுதி மூடப்பட்டது. டேவிட் உரிமம் பெற்றதிலிருந்து கணக்கிட்டால் 145 ஆண்டுகள்.

மறு ஆண்டில் கவிஞர் லாங்ஃபெல்லோ நண்பர் ஒருவருடன் அவ்வீட்டைப் பார்க்க வந்தார். பயணிகள் ஒரு விடுதியில் கூடி ஆளுக்கொரு கதை சொல்வதாக அவர் அமைத்த கவிதை நூல் 1863-ல் வெளிவந்தது. குலச்சின்னத்தில் பெருமை கொண்ட விடுதிக்காரர் ஒருவர் அதில் வருகிறார், அவர் லைமனே. வாரிசின்றி மறைந்தவர் இலக்கியத்தில் வாழ்வு பெற்றார். அந்நூலின் புகழால் 1897-ல் எட்வர்டு லெமன் என்பவர் வீட்டை விலைக்கு வாங்கி மீண்டும் விடுதியாக்கினார். கவிஞரின் பெயரையும் சூட்டினார். 1923-ல் மோட்டார் தொழிலதிபர் ஹென்றி ஃபோர்டு அதை வாங்கி, சுற்றிலும் ஆலை, பள்ளி, தேவாலயம் என்று பழங்காலச் சிற்றூர் ஒன்றை உருவாக்கினார். 1955 டிசம்பரில் தீ பிடித்துப் பெரும்பகுதி எரிந்தது. பின்னர் புதுப்பிக்கப்பட்டு 1958-ல் திறக்கப்பட்டது.

அவ்விடுதி 1716 முதல் இடைவிடாது நடந்துவருவதாகச் சிலர் எழுதுகின்றனர். 1861-லிருந்து 1897 வரையுள்ள இடைவெளியை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். மூதாதைக்குச் சீமான் பட்டம் சூட்டிய அதே ஆசைதான் இங்கும் இடைவெளியை மறைக்கிறது. இடைவெளியை இடைவெளி என்றே எழுதினால் அக்குடும்பத்தின் பெருமை எவ்வகையிலும் குறையப் போவதில்லை. மழையிலும் பனியிலும் வந்து நின்ற வழிப்போக்கனுக்கு நான்கு தலைமுறைகள் கதவு திறந்தார்கள் என்பது பத்திரங்களால் நிறுவப்பட்ட உண்மை. கூடத்தில் தொங்கிய குலச்சின்னத்துக்கு அத்தகைய சான்று கிடையாது.

நம் வாசகர்களுள் தம் குடும்ப வரலாற்றை எழுத விழைவோர் பலர் இருக்கக்கூடும். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. பெட்டியிலுள்ள பத்திரத்தை முதலில் படியுங்கள். பாட்டியின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். நிலத்தை யாரிடமிருந்து வாங்கினார்கள் என்பதையும் எழுதுங்கள். சான்று முடியும் இடத்தில் எழுதுகோலை நிறுத்திவிடுங்கள். எஞ்சியதை, புதிய ஏடு ஒன்றைக் கண்டெடுக்கும் பேரப்பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.