மாத்திரை மிகையால் வரும் தலைவலி

ஏற்கெனவே ஒற்றைத் தலைவலியோ இறுக்கத் தலைவலியோ உள்ளவர் வலிமாத்திரையை அடிக்கடி போட்டுக்கொள்வதால், எப்போதாவது வந்த வலி அன்றாட வலியாக முற்றிவிடும் நிலை இது. உலக மக்களில் 1 முதல் 2 சதவீதத்தினருக்கு இருப்பதாகக் கணிக்கப்படுகிறது, பெண்களே அதிகம். மாதத்தில் 15 நாளாவது தலைவலி இருந்து, மூன்று மாதங்களுக்கு மேலாகப் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்றவற்றை மாதம் 15 நாளாவது எடுத்துவந்தால் இந்நோய் எனப் பன்னாட்டுத் தலைவலி வகைப்பாடு வரையறுக்கிறது. ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான், எர்கோட்டமைன், அபின் வகையான ஓபியாய்டு ஆகியவற்றுக்கும் கூட்டு மாத்திரைகளுக்கும் வரம்பு 10 நாள்தான். மருந்துக்கடையில் அட்டையிலிருந்து ஒன்றிரண்டாகக் கத்தரித்துத் தரும் பாராசிட்டமால்-காஃபீன் கலவையும் இந்தக் கூட்டு மாத்திரைகளில் சேரும். கணக்கு நாள்களுக்கே என்பதால், ஒரே நாளில் மூன்று போட்டவரைவிட ‘தினம் ஒன்றுதானே’ என்பவரே முதலில் வரம்பைத் தாண்டுகிறார்.

வலி கூடியதால்தான் மாத்திரை கூடியது, பழியை மருந்தின்மேல் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஐயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மூட்டுவாதத்துக்காக ஆண்டுக்கணக்கில் வலிமாத்திரை எடுப்போரை ஆராய்ந்தபோது, தினசரித் தலைவலி கண்டவர்கள் முன்பே ஒற்றைத் தலைவலி உள்ளவர்களாகவே இருந்தனர். ஆக, மருந்து மட்டுமே நோயை உண்டாக்குவதில்லை. அதற்கு இடம்கொடுக்கும் மூளை வேண்டும். ஆனால் நார்வேயில் குடும்ப மருத்துவர்கள் நிலைமையை விளக்கி, மாத்திரையைக் குறைக்கச் சொன்ன சிறு தலையீட்டிலேயே, வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிடத் தலைவலி மாதத்துக்குச் சுமார் 7 நாள் குறைந்தது. வலியின் விளைவு மட்டுமே மாத்திரை என்றால் இது நடந்திருக்காது.

எனவே நிறுத்துவதே சிகிச்சையின் முதுகெலும்பு என்பேன். அமெரிக்காவில் 720 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வு இதற்கு எதிராகக் காட்டப்படுகிறது: தலைவலி வராமல் காக்கும் தடுப்பு மருந்து கொடுத்தால், பழைய மாத்திரையை மாற்றினாலும் தொடர்ந்தாலும் பலன் ஒன்றே என்றது அது. அது தடுப்பு மருந்தின் வலிமையைத்தான் காட்டுகிறது. மேலும் அங்கே மாற்றியவர்கள் வேறொரு வலிமருந்தை அளவோடு எடுத்துவந்தனர், அடியோடு விட்டவர்களல்லர். இரண்டு மாதம் அடியோடு நிறுத்தச் சொன்ன டென்மார்க் ஆய்வில் (2020), தடுப்பு மருந்தும் சேர்ந்தபோது சுமார் 97 சதவீதத்தினர் மிகைநிலையிலிருந்து மீண்டனர். தடுப்பு மருந்து மட்டும் பெற்றவர்களில் 74 சதவீதம். நிறுத்திய முதல் வாரம் கடினமானது: வலி ஏறும், குமட்டும், தூக்கம் கெடும், பெரும்பாலும் 2 முதல் 10 நாளில் தணியும். சாதாரண வலிமாத்திரையை ஒரே நாளில் விடலாம். ஓபியாய்டையோ தூக்க மாத்திரையையோ அப்படி விடுவது ஆபத்து, மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்கவேண்டும். பழையபடி மாத்திரைக்குத் திரும்புவோர் பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே திரும்புவதால், நாள்காட்டியில் வலி வந்த நாளையும் மாத்திரை போட்ட நாளையும் தனித்தனியே குறிக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்.