உத்திராடம் எங்கே இருக்கிறது?

சங்கரன்கோவில் ஆடித் தபசுக்கு ஒருமுறை வந்தவர்கள் அந்தக் கூட்டத்தை மறக்க மாட்டார்கள். சங்கரனும் நாராயணனும் ஒரே திருமேனியாக நிற்பதைக் கண்ணால் காண வேண்டுமென்று கோமதி அம்மன் தவம் இருந்தாள். அந்தக் காட்சி கிடைத்த திருநாள். ஆடி மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி, உத்திராட நட்சத்திரத்தில் வரும். சிறுவயதில் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து தபசு பார்த்தபோது ஒரு கேள்வி கேட்டேன்.

"தாத்தா, உத்திராடம் எங்கே இருக்கிறது?"

"பஞ்சாங்கத்தில் இருக்கிறதடா" என்றார் தாத்தா.

திதியும் நட்சத்திரமும் அவருக்கு விரல் நுனியில் இருந்தன. ஆகாயத்தை மட்டும் அவர் ஒருநாளும் காட்டியதில்லை.

அந்தப் பஞ்சாங்கக் கணக்கு லேசுப்பட்டதல்ல. 1825-ஆம் வருஷம் புதுச்சேரியில் ஜான் வாரன் என்ற ஐரோப்பியர் ஓர் அதிசயத்தைக் கண்டார். ஒரு தமிழ்க் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களின் துணையோடு, அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணம் பிடித்த நேரத்தில் பிசகு 4 நிமிஷந்தான்! நடுவில் 23 நிமிஷம். விட்ட நேரத்தில் 52 நிமிஷம்.

சோழியை வைத்து இவ்வளவா என்று வியக்கத்தான் வேண்டும். ஆனால் கிரகணம் விட்டதும் ஸ்நானம் செய்துவிட்டு இலை போடக் காத்திருக்கும் வீட்டில் 52 நிமிஷம் சொற்பமா? கணக்கை வானத்தோடு ஒத்துப் பார்க்காமலே தலைமுறை தலைமுறையாக ஒப்பித்து வந்ததன் பலன் அது.

ஒத்துப் பார்க்க ஒருவர் வந்தார். சிந்தாமணி ரகுநாதாசாரி என்று பெயர். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே சென்னை வான் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, தூரதரிசினியில் கண்ணை வைத்தவர். தென் வானத்தின் மூலையில், ஏறக்குறைய ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை மங்கி மறுபடி ஒளிரும் நட்சத்திரம் ஒன்றை 1867-இல் கண்டுபிடித்தார். 1872-இல் லண்டன் ராஜாங்க வானியல் சங்கம் அவரை அங்கத்தினராக ஏற்றது. அந்தக் கௌரவம் பெற்ற முதல் இந்தியர் அவரே.

அவர் அத்துடன் நிற்கவில்லை. 1874 டிசம்பரில் சுக்கிரன் சூரியனைக் கடந்து செல்லப் போவதை, நம் ஜனங்களும் அறிந்து பார்க்கட்டும் என்று சிறுநூல் எழுதினார். கண்ணால் கண்டதைக் கொண்டு திருத்திய பஞ்சாங்கத்தையும் வெளியிட்டார். திருக்கணிதம் என்கிறோமே, அதில் 'திரு' மரியாதைக்காக வந்ததல்ல. 'த்ருக்' என்றால் பார்வை. முன்னோர் கணக்கில் கை வைப்பதா என்ற கோபம் அன்று எழுந்தது. வாக்கியமா, திருக்கணிதமா என்ற வழக்கு இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

பார்ப்பது, பிழையை ஒப்புக்கொள்வது, திருத்துவது. சந்திரனுக்குப் போகும் வழியும் இதுதான். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 அனுப்பிய கலம் தரையிறங்கும் கடைசிக் கட்டத்தில் விழுந்து நொறுங்கியது. என்ன பிசகியது என்று ஆராய்ந்தார்கள்; திருத்தினார்கள். அடுத்த கலத்தைச் சுமந்த ராக்கெட்டின் கிரயோஜெனிக் எஞ்சினை எங்கள் சீமையின் மகேந்திரகிரியிலேதான் எரித்துச் சோதித்தார்கள். 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி மாலை, சந்திரனின் தென்துருவத்துக்கு அருகே விக்ரம் பத்திரமாக இறங்கியது. அன்று தொலைக்காட்சிக்கு முன்னால் கைகூப்பி நின்றவன் நான்.

அதற்குப் பிறகு வந்த ஒரு தபசுக்குப் பேரனை அழைத்துப் போனேன். அம்மன் சந்நிதானத்தை நோக்கிப் பருத்தியும் வற்றலும் பறந்துகொண்டிருந்தன. பிள்ளை என் கையைச் சுரண்டினான்.

"தாத்தா, உத்திராடம் எங்கே?"

அவன் மோவாயைத் தொட்டு நிமிர்த்தினேன்.

"அதோ, சந்திரன் நிற்கிறது பார். இன்றைக்கு அது இருக்கிற இடந்தான் உத்திராடம்."

சுற்றிலும் ஆயிரமாயிரம் பேர் இருந்தார்கள். பையன் ஒருவன்தான் அண்ணாந்து நின்றான். கண்ணால் காண்பதற்காகத் தவம் கிடந்த அம்மன் அதைக் குறையாக நினைத்திருக்க மாட்டாள்.