ஒரு வண்டு பறந்து போன பிறகு

இந்த வாரக் கதை ஒரு வயல் ஓரத்துல ஆரம்பிக்குது.

1944, இங்கிலாந்து. ரெண்டாம் உலகப்போர் இன்னும் முடியல. பீட்டர் ஓப்பி, அயோனா ஓப்பின்னு ஒரு இளம் தம்பதி நடந்து போயிட்டிருக்காங்க. அயோனா வயித்துல அவங்க முதல் குழந்தை. வழியில ஒரு லேடிபேர்ட் கண்ணுல படுது. முதுகுல கறுப்புப் புள்ளி வெச்ச சின்னச் சிவப்பு வண்டு. அதை விரல்ல ஏத்திக்கிட்டு, சின்ன வயசுல கேட்ட ஒரு பாட்டைச் சொல்றாங்க. வண்டு பறந்துடுச்சு. ஆனா ஒரு கேள்வி அவங்களோடயே நின்னுடுச்சு: இந்தப் பாட்டை யார் எழுதினது? இது நமக்கு எப்படித் தெரியும்?

ரெண்டு பேருமே பல்கலைக்கழகம் பக்கம் போனதில்ல. பதில் தேடி நூலகத்துக்குப் போனாங்க. குழந்தைகள் புத்தகங்களைப் பத்தி அதுவரைக்கும் யாருமே எழுதலன்னு சொல்ல முடியாது. ஹார்வி டார்ட்டன் 1932லயே இங்கிலாந்தின் குழந்தைகள் புத்தக வரலாற்றை எழுதியிருந்தார். அதுக்கும் 90 வருஷம் முன்னாடி, 1842ல, ஹாலிவெல் தாலாட்டும் விளையாட்டுப் பாட்டுமா ஒரு தொகுப்பு போட்டிருந்தார். ஆனா ஒவ்வொரு பாட்டுக்கும் எது பழைய அச்சு வடிவம், எந்த ஊர்ல எப்படி மாறிச்சுன்னு ஆதாரத்தோட சொல்ற புத்தகம் இல்ல. சரி, நாமளே எழுதுவோம்னு உட்கார்ந்தாங்க. ஏழு வருஷம் ஆச்சு. 1951ல ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடா வந்தது: 500க்கும் மேற்பட்ட பாட்டுகளோட வரலாற்றைச் சொல்ற ஒரு அகராதி.

அதுல என்ன பெரிய விஷயம்னு கேக்கலாம். ஒரு உதாரணம் சொல்றேன். ‘ரிங்-அ-ரிங்-ஓ-ரோஸஸ்’ பாட்டு 1665 லண்டன் பிளேக் நோயைப் பத்தினதுன்னு உங்க வாட்ஸப் குரூப்லயும் வந்திருக்கும். ஓப்பி தம்பதி அதை அப்பவே நம்பல. அந்தப் பாட்டு இங்கிலாந்துல முதல்ல அச்சானதே 1881லதான். பிளேக் நடந்து 200 வருஷத்துக்கும் மேல ஆகியிருந்தது. தும்முறது, விழுறது எல்லாம் பல பழைய வடிவங்கள்ல கிடையாது. பாட்டு எவ்வளவு சின்னதா இருந்தாலும் ஆதாரம் கேக்கணும் என்பதுதான் அவங்க பிடிவாதம்.

அடுத்து அவங்க எடுத்த முடிவுதான் இந்தத் துறையையே திருப்பிப் போட்டது. தாலாட்டும் நர்சரிப் பாட்டும் பெரியவங்க குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. ஆனா பெரியவங்க இல்லாத இடத்துல, பள்ளிக்கூட மைதானத்துல, பிள்ளைங்க தங்களுக்குள்ள என்ன சொல்லிக்கிறாங்க? அதை எந்தப் புத்தகத்துலயும் தேட முடியாது. பிள்ளைங்களைத்தான் கேக்கணும். கேட்டாங்க. ஆசிரியர்கள் உதவியோட சுமார் 70 பள்ளிகள், கிட்டத்தட்ட 5,000 பிள்ளைகள். 1959ல அந்தப் புத்தகம் வந்தது: பள்ளிப் பிள்ளைகளோட வழக்காறும் மொழியும்.

அந்தக் காலத்துப் பெரியவங்க புலம்பல் நமக்கும் பழக்கமானதுதான். “சினிமா, ரேடியோ, இப்போ டிவி வேற வந்துடுச்சு. பசங்க விளையாடுறதையே மறந்துட்டாங்க.” ஓப்பி தம்பதி கண்டது நேர் எதிர். 1936 டிசம்பர்ல, திருமதி சிம்ப்சனைக் கல்யாணம் பண்ணிக்கறதுக்காக எட்டாம் எட்வர்ட் மன்னர் பதவியைத் துறந்தார். பிரிட்டிஷ் பத்திரிகைகள் அந்த விவகாரத்தை வெளிப்படையா எழுதத் தொடங்கினதே அந்த மாசம்தான். கிறிஸ்துமஸ் லீவு விடுறதுக்குள்ள, அதைக் கிண்டல் பண்ற ஒரே பாட்டை ஒண்ணுக்கொண்ணு ரொம்பத் தூரத்துல இருக்கிற ஊர்ப் பிள்ளைகள் பாடிட்டிருந்தாங்க. எந்த ரேடியோவும் அதை ஒலிபரப்பல. வாய்வழியா மட்டுமே போயிருக்கு.

வேகம் மட்டும் இல்ல, ஆயுளும் அதிகம். விளையாட்டு நடுவுல நாம ‘டைம் ப்ளீஸ்’ சொல்வோம் இல்லையா? அதுக்குப் பிரிட்டன்ல ஊருக்கு ஊர் ஒரு சொல். எந்தப் பகுதியில எந்தச் சொல்னு வரைபடமே போட்டாங்க. அதுல ஒண்ணு ‘பார்லி’. அதை ஒத்த ஒரு சொல் 14ஆம் நூற்றாண்டுக் கவிதையான ‘சர் கவெய்னும் பச்சை வீரனும்’ல இருக்கு. ஒரு பிள்ளை மைதானத்துல விளையாடுறது சில வருஷம்தான். அப்புறம் அடுத்த செட்டு வந்துடும். அப்படி நூறு வருஷம் ஒரு சொல் நிலைச்சிருக்குன்னா, எத்தனை கை மாறியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. பெரியவங்க யாரும் காவல் காக்காமலே.

பீட்டர் 1982ல இறந்தார். அயோனா நிறுத்தல. 1970ல இருந்தே ஹாம்ப்ஷயர்ல தன் ஊரான லிஸ்ல இருந்த பள்ளி மைதானத்துக்கு வாராவாரம் நோட்டுப் புத்தகத்தோட போயிட்டிருந்தாங்க. சேர்ந்து தொடங்கின ‘சிங்கிங் கேம்’ புத்தகத்தைத் தனியா முடிச்சு 1985ல கொண்டுவந்தாங்க. ரெண்டு பேரும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சுமார் 20,000 குழந்தைகள் புத்தகங்கள் 1988ல ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்துக்குப் போச்சு. வாசலுக்கு வெளியே நின்னவங்க சேர்த்ததுதான் இன்னைக்குப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு அடிப்படைச் சேமிப்பு. அயோனா 2017ல, 94 வயசுல காலமானாங்க.

குழந்தை இலக்கிய ஆய்வுன்னா, குழந்தைகளுக்காகப் பெரியவங்க எழுதினதை ஆராயறது மட்டும்னுதான் நாம நினைக்கிறோம். பிள்ளைகளும் ஒரு மரபைச் சுமக்கிறவங்க, அதுல அவங்கதான் நிபுணர்கள்னு ஓப்பி தம்பதி எழுத்துல நிரூபிச்சாங்க. கேட்டு எழுத ஒருத்தர் இருந்ததால அது தப்பிச்சது.

காய் விட்டு, பழம் விட்டு வளர்ந்தவங்கதானே நாமளும்? உங்க தெருவுல நீங்க பாடின பாட்டு, யாருக்கும் தெரியாம கத்துக்கிட்ட கெட்ட பாட்டு உட்பட, இன்னைக்கு ராத்திரி ஒரு தாள்ல எழுதி வைங்க. ஊர் பேரும் வருஷமும் மறக்காம போடுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.