பாலைவனச் சிங்கம்: திரையில் உமர் முக்தார், வரலாற்றில் லிபியா

வரலாற்று நூல்களைத் தேடிப் படிப்போர் எக்காலத்திலும் சிலரே. பெரும்பாலான மக்கள் தம் முன்னோரின் வரலாற்றைக் கதையாகவும் பாடலாகவும், கடந்த நூற்றாண்டு தொட்டுத் திரைப்படமாகவுமே அறிந்து வருகின்றனர். எனவே ஒரு சமூகத்தின் போராட்டம் திரையில் எவ்வாறு சித்திரிக்கப்படுகிறது என்பது வெறும் கலை இரசனை சார்ந்த வினாவன்று. அச்சமூகம் தன்னைப் பற்றி எதனை நினைவிற் கொள்ளும், எதனை மறக்கும் என்பதையும் அது தீர்மானிக்கிறது. முஸ்லிம் உலகில் மிகப் பரவலாகப் பார்க்கப்பட்ட வரலாற்றுப் படங்களுள் ஒன்றான, முஸ்தபா அக்காத் இயக்கி 1981இல் வெளிவந்த 'பாலைவனச் சிங்கம்' என்ற படத்தை இந்நோக்கில் ஆராய்வது பொருத்தமாகும்.

அக்காத் சிரியாவின் அலெப்போ நகரில் 1930இல் பிறந்தவர். அமெரிக்காவில் திரைக்கலை பயின்ற அவர், நபி (ஸல்) அவர்களின் காலத்தைப் பொருளாகக் கொண்ட 'அர்ரிஸாலா' படத்தை 1976இல் உருவாக்கினார். அதில் ஹம்ஸா (ரழி) அவர்களின் பாத்திரத்தை ஏற்ற அந்தனி குவின் என்ற நடிகரே இப்படத்தில் உமர் முக்தாராகத் தோன்றுகிறார். இத்தாலியத் தளபதி ரொடோல்போ கிராசியானியாக ஒலிவர் ரீட் நடித்தார். முசோலினியாக ரொட் ஸ்டைகர் நடித்தார். ஏறத்தாழ மூன்றரைக் கோடி டொலர் செலவான இப்படத்திற்கு நிதி வழங்கியது முஅம்மர் கதாபியின் லிபிய அரசாகும். இவ்வுண்மை மனத்திற் கொள்ளத்தக்கது. ஏனெனில் படம் சொல்வதையும் சொல்லாமல் விடுவதையும் விளங்கிக்கொள்ள அது துணை புரியும்.

படம் காட்டும் போர்

இத்தாலி லிபியாவின் மீது படையெடுத்தது 1911ஆம் ஆண்டிலாகும். மறு ஆண்டே உதுமானியப் பேரரசு சமாதான உடன்படிக்கை செய்து விலகிக்கொள்ள, எதிர்ப்பின் சுமை உள்நாட்டு மக்களின் தோள்களில் விழுந்தது. பர்கா எனப்படும் கிழக்கு லிபியாவில் அச்சுமையை ஏற்றது ஸனூஸிய்யா தரீக்காவாகும். அதன் ஸாவியாக்கள் தொழுமிடமாகவும் கல்விக்கூடமாகவும், வழிப்போக்கர் தங்குமிடமாகவும், கோத்திரங்களுக்கிடையிலான பிணக்குகளைத் தீர்க்கும் மன்றமாகவும் விளங்கின. மினிபா கோத்திரத்தில் பிறந்து, ஜக்பூபில் கல்வி கற்று, அல்குஸூர் ஸாவியாவின் ஷெய்காகப் பணியாற்றிய உமர் முக்தார், 1923 முதல் ஜபல் அக்ழர் மலைப்பகுதியின் கெரில்லாப் போருக்குத் தலைமை தாங்கினார். அப்போது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார்.

படம் இந்நெடிய வரலாற்றின் இறுதிக் கட்டத்தையே எடுத்துக்கொள்கிறது. சிறார்களுக்குக் குர்ஆன் போதிக்கும் ஆசிரியராக உமர் முக்தார் அறிமுகமாகிறார். துலாக்கோலைப் பற்றிய இறைவசனத்தை அவர் விளக்கும் காட்சி முழுப் படத்திற்கும் அச்சாணி எனலாம். கைதியாகப் பிடிபட்ட இளம் இத்தாலிய அதிகாரியை அவர் கொல்லாமல் விடுவிக்கிறார். எதிரி அவ்வாறு நடப்பதில்லையே என்று தோழர்கள் வினவும்போது, எதிரியின் நடத்தை எமக்குப் பாடமாகாது என்ற கருத்தில் அவர் விடையளிக்கிறார். போரிலும் நீதியின் எல்லையைக் கடக்கலாகாது என்ற இஸ்லாமிய நெறியை இக்காட்சி சொற்பொழிவின்றி உணர்த்துகிறது.

மறுபுறத்தில், பர்கா மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளையும் படம் மறைக்கவில்லை. 1930இல் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் தம் மந்தைகளுடன் மலைப்பகுதியிலிருந்து பெயர்க்கப்பட்டு, அல்அகைலா, ஸலூக், மக்ரூன் முதலான தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர். பசியாலும் நோயாலும் தூக்குத்தண்டனையாலும் அங்கு மாண்டோர் 40,000 பேருக்குக் குறையார் என ஆய்வாளர் பலர் கணிக்கின்றனர். இதனிலும் கூடிய தொகையைக் கூறுவோரும் உளர். போராளிகளுக்கு எகிப்திலிருந்து வரும் உதவியைத் தடுக்க, கடற்கரையிலிருந்து ஜக்பூப் வரை ஏறத்தாழ 270 கிலோமீற்றர் நீளத்திற்கு முட்கம்பி வேலி எழுப்பப்பட்டது. 1931 ஜனவரியில் குப்ரா பாலைவனச்சோலை வீழ்ந்தது. இவை யாவும் திரையில் இடம்பெறுகின்றன. மேற்குலகின் பொதுப் பார்வையாளர் இம்முகாம்களைப் பற்றி முதன்முதலாக அறிந்தது பெரும்பாலும் இப்படத்தின் வாயிலாகவே என்பது மிகையன்று.

துரோகம் யாருடையது?

படத்தின் அரசியல் மையம் சமாதானப் பேச்சுவார்த்தையாகும். படத்தில் கிராசியானி பதவியேற்ற பின்னர், படைபலத்தைத் திரட்டக் கால அவகாசம் பெறும் தந்திரமாக அப்பேச்சுவார்த்தை நடைபெறுகிறது. ஷரீப் அல்கர்யானி என்ற பிரமுகர், ஆட்சியாளருடன் இணங்கிப் போகுமாறு உமர் முக்தாரிடம் வாதிடுகிறார். துரோகம் இங்கு இரு முகங்களைப் பெறுகிறது: வாக்களித்து ஏமாற்றும் அந்நியன் ஒருவன், அவனுக்கு வழிகாட்டும் உள்ளூர்ப் பிரமுகர் மற்றவர்.

ஆனால் வரலாற்றில் அப்பேச்சுவார்த்தை நிகழ்ந்தது 1929 ஜூனில், கிராசியானி பர்காவுக்கு வருவதற்கு முன்பாகும். அதனை நடத்தியவர் லிபியாவின் ஆளுநர் பியெத்ரோ பதோலியோ. உமர் முக்தார் ஏற்றுக்கொண்டது ஒரு போர்நிறுத்தத்தையே. இத்தாலியர் அதனைச் சரணாகதியென உலகிற்கு அறிவித்தனர். அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் போர் மீண்டும் மூண்டது. மக்களைக் குடிபெயர்க்கும் திட்டத்திலும் பதோலியோவே மேலதிகாரி. பர்காவின் முழுச் சனத்தொகையும் அழிய நேர்ந்தாலும் இக்கொள்கையை இறுதிவரை நடத்தியே ஆகவேண்டும் என்ற பொருளில் அவர் 1930 ஜூனில் கிராசியானிக்கு எழுதிய கடிதம் வரலாற்றாசிரியர் நன்கறிந்த ஆவணமாகும்.

திரைப்படத்தில் பதோலியோ இல்லை. நாடகத்திற்கு ஒரே எதிர்நாயகன் போதும் என இயக்குநர் கருதியிருக்கலாம். எனினும் இதன் விளைவு சிறியதன்று. குற்றம் முழுவதும் பாசிச வெறி கொண்ட ஒரு சர்வாதிகாரிக்கும் அவனது ஒரு தளபதிக்கும் உரியதாகச் சுருங்கிவிடுகிறது. 1911இல் படையனுப்பியது முசோலினியன்று. பாராளுமன்றத்திற்குப் பொறுப்புக் கூறிய ஜியோலிட்டியின் அரசாங்கமாகும். அவ்வாண்டிலேயே திரிப்போலியில் பொதுமக்கள் கூட்டாகக் கொல்லப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் இத்தாலியத் தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டனர். விமானத்திலிருந்து குண்டு வீசும் போர்முறை உலகில் முதன்முறையாகப் பிரயோகிக்கப்பட்டதும் 1911 நவம்பரில் லிபிய மண்ணிலேதான். பாசிசம் இக்கொடுமையைப் பெருக்கியது, தொடக்கி வைக்கவில்லை. பதோலியோவோ 1943இல் முசோலினி வீழ்ந்தபோது இத்தாலியின் பிரதமராகி, நேசநாடுகளின் பங்காளியுமானார். கிராசியானி 1950இல் தண்டிக்கப்பட்டது நாஸிகளுடன் ஒத்துழைத்தமைக்காகவே. சில மாதங்களில் அவரும் விடுதலை பெற்றார். லிபிய மக்களுக்கு இழைத்த கொடுமைக்காக ஒருவர்தானும் நீதிமன்றில் நிறுத்தப்படவில்லை. வரலாற்றின் மிகப் பெரிய துரோகம் இதுவே எனலாம். அதற்குத் திரையில் இடமில்லை.

மௌனத்தின் மறுபக்கம்

படத்தின் மற்றொரு மௌனம் உள்நாட்டு அரசியலோடு தொடர்புடையது. ஸனூஸிய்யாவின் தலைவர் முஹம்மத் இத்ரீஸ் 1922இல் எகிப்து சென்றார். பர்காவில் அவரது பிரதிநிதி என்ற நிலையிலேயே உமர் முக்தார் போரை நடத்தினார். இதே இத்ரீஸ் 1951இல் சுதந்திர லிபியாவின் மன்னரானார். 1969இல் அவரைப் பதவி கவிழ்த்தவர் கதாபி. ஆகவே கதாபியின் நிதியில் உருவான படத்தில் இத்ரீஸ் ஒரு பாத்திரமாக இடம்பெறாதது வியப்பன்று. ஆனால் தரீக்காவை நீக்கிவிட்டால் உமர் முக்தார் தனித்தெழுந்த வீரராகத் தோன்றுகிறாரே தவிர, அவரை வளர்த்த கல்வி மரபும் சமூக அமைப்பும் மறைந்துவிடுகின்றன. சில ஆயிரம் போராளிகள் நவீன இராணுவமொன்றை இத்தனை ஆண்டுகள் எதிர்த்து நின்றமைக்குத் தனிமனித வீரம் மட்டும் விடையாகாது. ஸாவியாக்களின் வலைப்பின்னலும், அவை திரட்டிய தசமபாகமும், கோத்திரங்களின் விசுவாசமுமே அதற்கான விடை. 1949இல் வெளிவந்த பர்காவின் ஸனூஸிகள் பற்றிய நூலில் மானிடவியலாளர் இவான்ஸ் பிரிட்சார்ட் இதனை விரிவாக விளக்கியுள்ளார். ஸாவியாக்களை மூடி அவற்றின் வக்பு சொத்துகளைப் பறிமுதல் செய்த கிராசியானியும் இதனை நன்குணர்ந்திருந்தார்.

இத்தாலி இப்படத்தைத் தன் இராணுவத்தின் கௌரவத்திற்கு இழுக்கு எனக் கூறி 1982இல் தடை செய்தது. 2009 ஜூனில் கதாபி உரோமுக்கு விஜயம் செய்தபோதே அங்கு அது தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. விலங்கிடப்பட்ட உமர் முக்தாரின் புகைப்படத்தை மார்பில் அணிந்தபடி கதாபி விமானத்திலிருந்து இறங்கினார். முந்திய ஆண்டு ஆகஸ்டில் இரு நாடுகளும் ஓர் உடன்படிக்கை செய்திருந்தன. அதன்படி காலனித்துவக் காலத்திற்கு ஈடாக 20 ஆண்டுகளில் 500 கோடி டொலர் வழங்க இத்தாலி உடன்பட்டது. ஆபிரிக்கக் குடியேறிகள் கடல் கடந்து வராமல் லிபியா தடுக்கவேண்டும் என்பதும் அவ்வுடன்படிக்கையின் ஓர் அங்கமாகும். ஷஹீத்களின் நினைவு இவ்வாறு அரசுகளின் பேரத்திற்குப் பொருளானது. ஆயினும் 2011இல் பெங்காஸி மக்கள் கிளர்ந்தெழுந்தபோது அதே உமர் முக்தாரின் படத்தையே கதாபிக்கு எதிராக ஏந்தினர். ஒரு சின்னத்தை அதனை உயர்த்திப் பிடித்த ஆட்சியாளராலும் தன்னுடையதாக்கிக்கொள்ள முடியவில்லை.

நாம் பெறும் படிப்பினை

உமர் முக்தார் 1931 செப்டம்பர் 11ஆம் திகதி பிடிபட்டார். 15ஆம் திகதி விசாரிக்கப்பட்டார். மறுநாள் ஸலூக்கில், முகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 20,000 பேரின் முன்னிலையில் தூக்கிலிடப்பட்டார். அவருக்காக வாதாடிய இத்தாலிய அதிகாரி லொன்தானோ, அவர் போர்க்கைதியாகவே நடத்தப்படவேண்டும் என வாதிட்டமைக்காகத் தண்டனை பெற்றார். எதிரியின் முகாமிலும் நீதியின் குரல் ஒலிக்கலாம் என்பதற்கு இது சான்றாகும். படமும் இதனை விட்டுவிடவில்லை. இறுதியில் ஷெய்கின் மூக்குக்கண்ணாடியை ஒரு சிறுவன் எடுத்துக்கொள்கிறான். வாளன்று, பார்வையே அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கப்படுகிறது.

இன்று இப்படத்தின் வசனங்கள் உமர் முக்தாரின் வாய்மொழிகளாகவே பல இடங்களில் எடுத்தாளப்படுகின்றன. நல்ல படமொன்று வரலாற்றின் ஆசனத்தில் தானே அமர்ந்துவிடும் அபாயத்திற்கு இது உதாரணம். மறுபுறத்தில், அல்அகைலா முகாமில் அடைபட்டிருந்த கவிஞர் ரஜப் பூஹுவைஷ் இயற்றிய கவிதையை லிபிய மக்கள் தலைமுறை தலைமுறையாக மனனம் செய்து காத்தனர். முகாம்களின் ஆவணங்கள் கிடைத்தற்கரியனவாக இருந்த காலத்தில் அக்கவிதையும் முதியோரின் நினைவுகளுமே சாட்சியமாக நின்றன. திரையின் நினைவுக்கு அரசின் நிதி தேவைப்பட்டது. மக்களின் நினைவுக்கு நெஞ்சு மட்டும் போதுமானதாக இருந்தது.

எனவே இத்தகைய படங்களை நாம் புறக்கணிக்கவும் வேண்டியதில்லை. வரலாற்றின் இறுதிச் சொல்லாக ஏற்கவும் வேண்டியதில்லை. யார் சொன்னார், யாருடைய செலவில் சொன்னார், யாரை விட்டுவிட்டார் என்ற வினாக்களோடு அவற்றை அணுகுதல் வேண்டும். எம்மவரின் தியாகத்தைப் போற்றும் படத்திடமும் இவ்வினாக்களைக் கேட்பதே, அந்த ஷெய்க் தம் மாணவர்க்குக் கற்பித்த துலாக்கோலுக்கு நாம் செய்யும் நியாயமாகும்.