வாக்குரிமையும் வாக்காளர் பட்டியலும்
ஒரு வரலாற்றுக் குறிப்பு

குடியாட்சியின் உயிர்நிலை வாக்குரிமை என்பதை நம்மில் அறியாதார் இலர். ஆயினும் அவ்வுரிமை உறையும் இடம் யாது என்று வினவினால், வாக்குச் சாவடி என்று விடை பகர்வோரே பலராவர். உண்மையில் அஃது உறையும் இடம் வாக்காளர் பட்டியல். ஒரு தொகுதியின் பட்டியலில் எவருடைய பெயர் இல்லையோ, அவருக்கு அத்தொகுதியில் வாக்கில்லை என்று 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 62ஆம் பிரிவில் ஐயத்திற்கு இடமின்றிக் கூறுகின்றது. வயது நிரம்பியிருக்கலாம், வரி கட்டிய ரசீது இருக்கலாம், புகைப்பட அடையாள அட்டை சட்டைப் பையிலேயே இருக்கலாம். பட்டியலில் பெயர் இல்லையேல் இவை யாவும் சாவடி வாயிலில் பயனற்றுப் போகின்றன.

பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்து, வாடகை வீடுகள் மாறி மாறிக் குடியிருக்கும் நம் போன்றோர்க்கு இச்செய்தி மிகவும் இன்றியமையாதது. ஆதலின் அப்பட்டியல் பிறந்த வரலாற்றையும், காலம் தாழ்த்தி வருவோர்க்குச் சட்டம் வகுத்துள்ள நெறிகளையும் இம்மலரின் வாயிலாகச் சுருங்க உரைக்க விழைகின்றேன்.

கண்டோன்மென்ட் நாட்கள்

பெங்களூரில் ஆங்கிலேயர் பாசறை அமைத்தது 1809ஆம் ஆண்டில். சென்னை இராணுவத்தைத் தொடர்ந்து சிப்பாய்களும், வணிகரும், கொத்தரும், சமையற்காரரும் எனத் தமிழ் மக்கள் இங்கு வந்து குடியேறினர். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட் வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டதும் அவ்வரவு மேலும் பெருகிற்று. அல்சூர், காக்ஸ் டவுன், மர்பி டவுன், நமது ஆஸ்டின் டவுன், நீலசந்திரா ஆகிய பகுதிகளில் தமிழொலி இன்றும் கேட்பதற்கு அதுவே தொடக்கம்.

1881இல் மைசூர் இராஜ்யம் மீண்டும் மன்னர் வசம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே திவான் ரங்காசார்லு அவர்கள் மைசூர்ப் பிரதிநிதிகள் சபையைத் தோற்றுவித்தார். இவர் செங்கற்பட்டுச் சீமையிலிருந்து வந்தவர் என்பது நாம் மகிழத்தக்க செய்தி. ஆனால் கண்டோன்மென்ட் மட்டும் பிரிட்டிஷ் ரெசிடென்டின் ஆளுகையிலேயே நிறுத்திக்கொள்ளப்பட்டது. 1947ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26ஆம் நாள் அது மைசூருடன் மீண்டும் இணைந்தது. 1949இல் நகரசபை இரண்டும் ஒன்றாகி ஒரே மாநகராட்சி ஆயிற்று. ஒரே நகரில் இருவேறு ஆட்சியின்கீழ் வாழ்ந்த மக்கள் ஒரே பட்டியலில் பெயர் பெறும் காலம் அதன் பின்னரே கனிந்தது.

பட்டியல் பிறந்த கதை

அரசியல் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்னரே, அரசியல் நிர்ணய சபையின் செயலகம் 1948இல் வாக்காளர் பட்டியல் பணியைத் தொடங்கிவிட்டது. சொத்துடையோர்க்கும் கற்றோர்க்கும் மட்டுமே வாக்கு என்றிருந்த நாட்டில், 21 வயது நிரம்பிய யாவரையும் வீடு வீடாகச் சென்று எழுதுவது எளிய செயலன்று. 1948 மார்ச் 31இல் முடியும் ஆண்டில் 180 நாட்களேனும் அவ்விடத்தில் வசித்திருக்க வேண்டும் என்று விதி வகுத்தனர்.

இவ்விதியால் ஓர் இடர் விளைந்தது. பிரிவினையால் வீடிழந்து வந்த அகதிகள் 180 நாட்களை எங்ஙனம் காட்டுவர்? அவர்கள் இந்நாட்டில் நிலையாக வாழ எண்ணியுள்ளோம் என்று உறுதிமொழி அளித்தாலே போதும், வசித்த நாட்களைக் கணக்கிட வேண்டா என்று செயலகம் முடிவு செய்தது. இடம் பெயர்ந்தவன் உரிமையிழந்தவன் ஆகான் என்னும் நீதி இந்நாட்டின் முதற் பட்டியலிலேயே இவ்வாறு இடம் பெற்றது.

1950 மார்ச்சில் திரு. சுகுமார் சென் அவர்கள் முதல் தலைமைத் தேர்தல் ஆணையராகப் பொறுப்பேற்றார். 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடைபெற்ற முதற் பொதுத் தேர்தலுக்கு ஏறத்தாழ 17 கோடியே 30 இலட்சம் பெயர்கள் கொண்ட பட்டியல் ஆயத்தமாயிற்று. ஆயினும் அதில் ஒரு பெருங்குறை நேர்ந்தது. வட மாநிலங்களில் பெண்கள் பலர் அயலார்முன் தம் பெயரைக் கூற நாணி, இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றே எழுதுவித்தனர். பெயரின்றிப் பதிவு கூடாது என்று ஆணையர் உறுதியாக நின்றார். பீகாரில் திருத்திக்கொள்ள ஒரு திங்கள் கூடுதல் தவணையும் தரப்பட்டது. எனினும் முடிவில் ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அன்று அது கடுமையாகத் தோன்றினும், அடுத்த தேர்தலில் பெண்கள் தம் பெயரோடு முன்வர அதுவே தூண்டுகோலாயிற்று.

நம் இல்லத்துப் பெண்கள் பெயர் கூற நாணுவாரல்லர். ஆனால் நமக்கு வேறொரு தொல்லை உண்டு. திருமணத்திற்கு முன் தந்தையின் முன்னெழுத்து, பின்னர்க் கணவரின் முன்னெழுத்து. பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ரேஷன் கார்டில் மற்றொன்று. மேலும் நமது ழகரத்திற்குரிய எழுத்து கன்னடத்தில் நெடுநாட்களுக்கு முன்னரே வழக்கொழிந்தது. ஆகவே எழிலரசி எளிலரசி ஆவதும், யாழினி யாளினி ஆவதும் இயல்பு. ஒருவரே இருவராகத் தோன்றுவதும், பின்னர் இரட்டைப் பதிவு என்று அடிபடுவதும் இதனால் விளைவன.

வசிப்பிடம் எது?

ஒருவர் எங்கு ‘சாதாரணமாக வசிக்கின்றாரோ’ அங்கேயே பெயர் பதிய வேண்டும் என்பது 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19, 20ஆம் பிரிவுகளின் சாரம். வீடு சொந்தமாக இருப்பது ஒன்றே வசிப்பிடம் ஆகாது. சிறிது காலம் வெளியூர் சென்றதனால் வசிப்பிடம் போய்விடவும் செய்யாது. வேலூர்ப் பக்கமோ தருமபுரிப் பக்கமோ நமக்குப் பூர்வீக வீடு இருக்கலாம். பொங்கலுக்குச் சென்று வெள்ளையடித்துப் பூட்டிவரும் வீட்டை வைத்து அங்கே வாக்காளர் ஆதல் இயலாது. இரண்டு தொகுதிகளில் பெயர் வைத்திருப்பதையும் அதே சட்டம் தடுக்கின்றது. தெரிந்தே பொய்யுரைத்துப் பதிவோர்க்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு.

வசிப்பிடம் பற்றிய விதி எத்துணை வலிமையுடையது என்பதற்கு இலங்கையே சான்று. அங்குத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர் 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பலரை நாடற்றோர் ஆக்கியது. 1949இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு வாக்கும் பறிபோயிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியும், எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறிற்று. பட்டியலிலிருந்து பெயரை எடுக்க ஓராண்டு போதும்; மீண்டும் சேர்க்க ஐம்பதாண்டும் போதாமற் போகலாம்.

காலம் தாழ்த்தி வருவோர்

பட்டியல் வெளியான பின் பெயர் விட்டுப்போனதை ஒருவர் அறிகின்றார். அவர்க்கு வழியுண்டா? உண்டு, ஆனால் அவ்வழிக்கு ஒரு கதவும் உண்டு. 6ஆம் எண் படிவத்தில் எந்நாளும் விண்ணப்பம் செய்யலாம். ஆனால் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அபேட்சகர்கள் நியமனப் பத்திரம் தாக்கல் செய்வதற்குரிய இறுதி நாள் கடந்த பின், தேர்தல் முடியும் வரை பட்டியலில் எப்பெயரையும் சேர்த்தல் கூடாது என்று விலக்குகின்றது. விண்ணப்பத்தின்மீது ஆட்சேபம் கேட்க ஏழு நாட்கள் விடவேண்டும். ஆதலால் இறுதி நாளுக்குப் பத்து நாட்கள் முன்னதாகவேனும் படிவம் சேர்ந்திருத்தல் வேண்டும்.

இக்கதவு எத்துணைக் கண்டிப்பாகச் சாத்தப்படும் என்பதை நம் மாநிலத்து வழக்கொன்றே காட்டுகின்றது. பீதர் ஸ்தலஸ்தாபனத் தொகுதியிலிருந்து கர்நாடக மேலவைக்கு நடைபெற்ற தேர்தலில், நியமனப் பத்திரம் பெறும் இறுதி நாளன்று, அதற்குரிய நேரம் முடிந்தபின் சில பெயர்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. நரேந்திர மடிவாளப்ப கேணி, மாணிக்கராவ் பாட்டீல் என்போரிடையே எழுந்த இவ்வழக்கில் 1977இல் தீர்ப்புரைத்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் அவர்கள், இறுதி நாள் என்பது நள்ளிரவு வரை நீள்வதன்று, பத்திரம் பெறும் நேரமாகிய பிற்பகல் 3 மணியோடு முடிவது என்று விளக்கினார். அதற்குப் பின் நுழைந்த பெயர்கள் செல்லாதன ஆயின.

இக்கண்டிப்பு எதற்காக என்று சிலர் கேட்கலாம். போட்டியிடுவோர் யாவர் என்று வெளிப்பட்ட பிறகும் பட்டியல் திறந்திருக்குமாயின், வல்லவன் தன் ஆட்களை இரவோடிரவாகச் சேர்த்துவிடுவான். சார்ட் ஒட்டிய பின் வண்டியில் இடம் ஏற்படுத்தித் தருவது எங்கள் இலாகாவிலும் வழக்கமில்லை. ஆனால் இரயிலைத் தவறவிட்டவனுக்கு மறுநாள் வண்டியுண்டு. தேர்தலைத் தவறவிட்டவனுக்கோ ஐந்தாண்டுக் காத்திருப்பு.

ஆய்வுக்குரிய வாக்கு

இனிப் பட்டியலில் பெயர் இருந்தும் சாவடியில் இடர்ப்படுவோர் நிலையைக் காண்போம். ‘உங்கள் வோட்டு முன்னமே விழுந்துவிட்டது’ என்ற சொல்லைக் கேட்டு, வாய் பேசாது வீடு திரும்புவோர் உளர். அவ்வாறு திரும்ப வேண்டுவதில்லை. 1872ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இரகசிய வாக்குமுறையைக் கொணர்ந்த சட்டமே இதற்கு மருந்து கண்டது. பிறன் ஒருவன் தன் பெயரில் வாக்களித்துவிட்டால், உரியவர்க்கு வேறு நிறமுள்ள சீட்டொன்று தந்து, அதைத் தனியே வைக்குமாறு அச்சட்டம் விதித்தது.

அம்முறையே 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 42ஆம் விதியாயிற்று. வாக்கு இயந்திரம் வந்தபின் 49பி என்று எண் பெற்றது. 2018இல் வெளிவந்த ‘சர்கார்’ என்னும் திரைப்படத்தால் நம் பிள்ளைகள் யாவரும் இவ்வெண்ணை அறிவர். தலைமை அலுவலர் கேட்கும் வினாக்களுக்கு விடையளித்துத் தாம் உரியவரே என்று மெய்ப்பித்தால், அவர்க்கு ஒரு வாக்குச் சீட்டு தரப்படும். மறைவில் குறியிட்டு மடித்த சீட்டை அவர் அலுவலரிடமே அளிப்பார். அஃது இயந்திரத்தில் சேராது, தனி உறையில் வைக்கப்படும். இதுவே ஆய்வுக்குரிய வாக்கு. சாதாரண எண்ணிக்கையில் இது சேராது. பார்சல் ஆபீசில் முத்திரையிட்ட மூட்டைபோலக் காத்திருக்கும். தேர்தல் வழக்கு எழுந்து நீதிமன்றம் பணித்தாலன்றி அவ்வுறை பிரிக்கப்படாது.

மற்றொன்று ஆட்சேபிக்கப்பட்ட வாக்கு. வந்தவர் உரியவரல்லர் என்று ஓர் அபேட்சகரின் ஏஜெண்டு கருதினால் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். அலுவலர் உடனே விசாரித்து முடிவு செய்வார்.

அமெரிக்க நாட்டிலோ வழி வேறு. 2000ஆம் ஆண்டில் ஃபுளோரிடா மாநிலத்தில் 537 வாக்கு வேறுபாட்டில் குடியரசுத் தலைவர் பதவியே முடிவாயிற்று. அத்தேர்தலில் பட்டியற் குழப்பத்தால் திரும்பியோர் பலர். அதன் பயனாக 2002இல் ஒரு சட்டம் வந்தது. பட்டியலில் பெயர் காணப்படாதவரும், தாம் பதிவு செய்தவரே என்று எழுதிக் கொடுத்தால், தற்காலிக வாக்கு ஒன்றை உறையிலிட்டுத் தரலாம். பின்னர் ஆராய்ந்து, தகுதியிருப்பின் எண்ணுவர். நம் நாட்டில் பெயர் இல்லாதவர்க்கு இச்சலுகை கிடையாது. ஆகவே நம் விழிப்பு தேர்தல் நாளன்று தொடங்கினால் போதாது.

ஒரு வாக்கால் என்ன ஆகும் என்று எண்ணுவோர்க்கு ஒரு சொல். 2004இல் நம் மாநிலத்தின் சந்தேமரஹள்ளித் தொகுதியில் திரு. துருவநாராயணா வென்றது ஒரே வாக்கால். 2008இல் இராஜஸ்தானத்து நாத்துவாராவில் திரு. சி. பி. ஜோஷி தோற்றதும் ஒரே வாக்கால். அவ்வழக்கில் ஆய்வுக்குரிய வாக்குகள் பற்றிய வினா உச்ச நீதிமன்றம் வரை சென்று 2011இல் விசாரித்து முடிவு கூறப்பட்டது.

நாம் செய்ய வேண்டுவது

வாக்களிக்கும் வயது 1989இல் பதினெட்டாகக் குறைந்தது. முன்னர் ஜனவரி முதல் நாள் ஒன்றே வயதுக் கணக்கிற்குரிய நாளாக இருந்தது. 2022 ஆகஸ்ட் முதல் ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் நாட்களும் சேர்ந்து நான்காயின. பதினேழு நிரம்பியவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். 2025இல் பீகாரில் நடந்த தீவிரத் திருத்தத்தில் வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 இலட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அப்பணி தமிழ்நாட்டிலும் தொடங்கிற்று. அங்கொரு பெயர், இங்கொரு பெயர் என்று வைத்திருப்போர் இனி ஓரூரைத் தெரிந்துகொள்ளவே வேண்டும்.

ஆகவே வீடு மாறியவுடன் 8ஆம் எண் படிவம் கொடுத்து முகவரியை மாற்றுக. ஆண்டுதோறும் வரைவுப் பட்டியல் வெளியாகும்போது இல்லத்தார் அனைவரின் பெயரையும் எழுத்தெழுத்தாகப் பார்க்க. நம் சங்கத்து இளைஞர் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, படிக்க இயலாத முதியோர்க்கும், புதிதாக மருமகளாக வந்தோர்க்கும் படிவம் எழுதித் தருவாராயின், அதனினும் சிறந்த ஆண்டு விழாப் பணி வேறில்லை. இந்நகரின் வீதிகளை அமைத்த கைகளுள் நம் முன்னோர் கைகளும் உண்டு. இந்நகரின் பட்டியலில் நம் பெயர் பிழையின்றி விளங்குவது அவர்க்கு நாம் செய்யும் கடமையாகும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!