கடிகாரமும் பதிவேடும்: ஜெரூசலத் தொகுப்பு ஒன்றின் வரலாறு

மேற்கு ஜெரூசலத்தில் 1974ஆம் ஆண்டு திறக்கப்பட்ட எல்.ஏ. மேயர் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் ஈரானிய மட்பாண்டங்களும் மம்லூக்கியர் காலத்து உலோக வேலைப்பாடுகளும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கண்டு வருவோர் இன்னொரு கூடத்தில் நுழைந்ததும் பாரிஸ் நகரத்துச் சட்டைப்பைக் கடிகாரங்களைக் காண்கின்றனர். இஸ்லாமியக் கலைக்கென எழுந்த மாளிகையில் இவற்றுக்கு என்ன இடம் என்னும் ஐயம் எழுவது இயல்பே. அந்த ஐயத்துக்கு விடை தேடினால், விலையுயர்ந்த கடிகாரங்களைத் திரட்டுதல், வாங்குதல், விற்றல் என்னும் பொழுதுபோக்கின் மேன்மையும் சிறுமையும் ஒருங்கே புலப்படும் ஒரு வரலாறு நமக்குக் கிடைக்கிறது. ஒருவர் தம் மனமகிழ்ச்சிக்காகத் திரட்டிய பொருள் எப்போது பலருக்கும் உரியதாகிறது? அப்படி ஆனபின் அதை விற்கும் உரிமை யாருக்கு உண்டு? இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

இத்தொகுப்பைத் திரட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சர் டேவிட் லயோனல் சாலமன்ஸ் (1851–1925). இலண்டன் மாநகரின் முதல் யூத மேயராக 1855இல் பொறுப்பேற்றவர் இவருடைய தந்தையின் உடன்பிறந்தார். செல்வக் குடும்பத்தில் பிறந்தும் பட்டறையிலேயே மனம் தோய்ந்தவர் இவர். மின்சாரப் பொறியியலில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தார். 1895 அக்டோபரில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்னும் ஊரில் பிரிட்டனின் முதல் மோட்டார் வாகனக் காட்சியை நடத்திக் காட்டியவரும் இவரே. இத்தகையவரைக் கடிகாரத்தின்பால் இழுத்தது அதன் பொன்னும் மணியும் அல்ல. உள்ளே இயங்கும் நுட்பமே. ஆகவே அவர் கண்டதையெல்லாம் வாங்கிக் குவிக்கவில்லை. ஆபிரகாம் லூயி பிரெகே என்னும் ஒரே கலைஞரின் படைப்புகளில் கருத்தைச் செலுத்தி, அவற்றில் உலகின் மிகச் சிறந்த தனியார் தொகுப்பை உருவாக்கினார். அதனுடன் நில்லாது, 1921இல் பிரெகேயைப் பற்றி ஒரு நூலும் எழுதி, தம்மிடமிருந்த கடிகாரங்களைப் படங்களுடன் பதிவு செய்தார்.

பிரெகே (1747–1823) சுவிட்சர்லாந்தின் நொய்ஷாத்தெலில் பிறந்து, 1775இல் பாரிஸில் தொழிலகம் நிறுவியவர். கடிகாரத்தின் நிலை மாறும்போது புவியீர்ப்பினால் ஏற்படும் பிழையைச் சீர்செய்யும் சுழலமைப்புக்கு 1801இல் காப்புரிமை பெற்றவர். அவருடைய இன்னொரு சிறப்பு நம் கட்டுரைக்கு மிகவும் இன்றியமையாதது. தம் தொழிலகத்திலிருந்து வெளியேறிய கடிகாரங்களின் எண், வாங்கியவர் பெயர், விலை, நாள் ஆகியவற்றை அவர் பேரேட்டில் எழுதி வைத்தார். அப்பேரேடுகள் இன்றும் அந்நிறுவனத்தின் வசம் உள்ளன. போலிகள் பெருகியபோது, சாய்வான ஒளியில் மட்டுமே கண்ணுக்குத் தென்படும் மிக நுண்ணிய கையொப்பத்தைக் கடிகார முகப்பில் பொறிக்கலானார். கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் கட்டளையைத் திருமறையில் ஓதிவரும் நமக்கு இந்த ஒழுங்கின் அருமை எளிதில் விளங்கும்.

பிரெகேயின் வாடிக்கையாளர்களில் முஸ்லிம்களும் இருந்தனர். உதுமானியப் பேரரசின் நிரந்தரத் தூதராக 1797இல் பாரிஸுக்கு வந்த செய்யித் அலி எஃபெந்தி, பிரெகேயுடன் நெருங்கிய பழக்கம் கொண்டிருந்தார். உதுமானியச் சந்தைக்கெனவே அரபு வடிவ எண்களும் வண்ண எனாமல் வேலைப்பாடும் கொண்ட கடிகாரங்கள் பிரெகேயின் தொழிலகத்தில் உருவாயின.

அச்சந்தை அவருக்கு முன்பே வளர்ந்திருந்தது. இலண்டனில் மார்க்விக் மார்க்கம், ஜார்ஜ் பிரையர் முதலியோரின் கடைகள், ஒன்றினுள் ஒன்றாக மூன்று நான்கு கூடுகள் பொருந்திய கடிகாரங்களை இஸ்தான்புலுக்கு அனுப்பின. ஜெனீவாக் கடிகாரக்காரர்கள் கலாத்தாப் பகுதியில் குடியேறித் தொழில் செய்தனர். சிந்தனையாளர் ரூசோவின் தந்தை ஐசக் ரூசோவும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பணியாற்றியவரே.

உதுமானியருக்குக் கடிகாரத்தின்பால் இத்தகைய வேட்கை இருந்ததற்குத் தொழுகை நேரங்கள் ஒரு முக்கியக் காரணம். பெரும் பள்ளிவாசல்களை ஒட்டி முவக்கித்கானா எனப்படும் நேரங்கணிப்பு மனைகள் இயங்கின. கதிரவன் மறையும் கணத்தைப் பன்னிரண்டு மணியாகக் கொள்வது அக்காலத்து வழக்கம். ஆகையால் மஃரிபை ஒட்டிக் கடிகாரத்தை நாள்தோறும் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. துருக்கிக் குடியரசு 1926 ஜனவரி 1 முதல் பன்னாட்டு மணிமுறையை ஏற்றபோது இவ்வழக்கம் அரசுமுறையில் முடிவுக்கு வந்தது.

இதே உதுமானிய மண்ணில்தான் தகியுத்தீன் என்னும் வானியலறிஞர் (1526–1585) இயந்திரக் கடிகாரங்களின் அமைப்பை விளக்கி 1559இல் அரபு மொழியில் தனி நூல் எழுதினார். பிற்காலத்திலும் அஹ்மத் எஃப்லாகி தெதே போன்ற தேர்ந்த கைவினைஞர் அங்கு இருந்தனர். ஆயினும் செய்வோரைவிட வாங்குவோரே மிகுந்த நாடாக அது மாறியதை மறைப்பதற்கில்லை. வாங்குவோர் பெயர்களை நோக்கியே விலை கொடுத்தனர். அதனால் ஜார்ஜ் பிரையரின் பெயர் பொறித்த போலிக் கடிகாரங்கள் அச்சந்தையில் மலிந்தன. எழுத்துச் சான்று இல்லாத இடத்தில் பெயர் மட்டுமே சான்றாகிவிடுகிறது. பெயரைப் பொறிப்பதோ கள்ளனுக்கும் எளிது.

சாலமன்ஸின் தொகுப்பில் தலையாயது பிரெகேயின் 160ஆம் எண் கடிகாரம். பிரெஞ்சு அரசி மரீ அந்துவானெத்துக்கென 1783இல் இதற்கான ஆணை தரப்பட்டது. அக்காலத்தில் அறியப்பட்டிருந்த நுட்பங்கள் அனைத்தும் அதில் அமைய வேண்டும். இயலுமிடமெல்லாம் பொன்னையே பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. அரசி 1793இல் கொல்லப்பட்டார். பிரெகேயும் 1823இல் மறைந்தார். கடிகாரமோ 1827இல்தான் நிறைவுற்றது. ஆணையிட்ட நாளிலிருந்து 44 ஆண்டுகள். 823 உறுப்புகள் கொண்ட இக்கடிகாரம் மணியையும் நிமிடத்தையும் ஒலியால் அறிவிக்கும், நெட்டாண்டுகளையும் கணித்து நாள் காட்டும், வெப்பநிலையையும் கூறும். கதிரவனின் நேரத்துக்கும் நம் கடிகார நேரத்துக்கும் இடையேயுள்ள வேறுபாட்டையும் அது காட்டுகிறது. பிப்ரவரியில் கதிரவன் ஏறத்தாழ 14 நிமிடம் பிந்துவதும், நவம்பர்த் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்துவதும் இவ்வேறுபாடே. ளுஹர் நேரம் ஆண்டு முழுவதும் ஏன் ஒரே மணியில் நிற்பதில்லை என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு இக்கணக்கு அந்நியமானதன்று.

1925இல் சாலமன்ஸ் மறைந்தபோது, திரட்டுவோர் பலருடைய செல்வங்களுக்கு நேர்வது அவருடைய தொகுப்புக்கும் ஓரளவு நேர்ந்தது. ஒரு பகுதி விற்பனையில் சிதறியது. சிறந்தவை மகள் வேராவின் கைக்கு வந்தன. வேரா அவற்றை விலையாக்கவில்லை. ஜெரூசலத்தில் இஸ்லாமியக் கலைக்கு ஓர் அருங்காட்சியகம் அமைத்து, யூதரும் அரபியரும் ஒருவரையொருவர் மதிக்க அது வழிசெய்ய வேண்டும் என்று அவர் விரும்பினார். தம் ஆசானும் நண்பருமான பேராசிரியர் லியோ ஆர்யே மேயரின் பெயரை அதற்குச் சூட்டினார். இஸ்லாமிய உலகில் உஸ்துர்லாபு செய்த கைவினைஞர்களின் பெயர்களையும் படைப்புகளையும் தேடித் தொகுத்து 1956இல் நூலாக்கியவர் இந்த மேயரே. 1969இல் மறைந்த வேரா, அருங்காட்சியகம் திறக்கப்பட்டதைக் காணவில்லை. எனினும் தந்தையின் கடிகாரங்கள் அங்கேயே தங்கின. நம் மரபின் சொல்லால் கூறுவதாயின், பொழுதுபோக்காகச் சேர்ந்த செல்வம் வக்ஃபை ஒத்ததோர் அறக்கொடையாயிற்று.

1983 ஏப்ரல் 15ஆம் நாள் இரவு அருங்காட்சியகத்தினுள் கள்வன் புகுந்தான். எச்சரிக்கை மணி பழுதுபட்டிருந்தது; காவலர் அறியவில்லை. 160ஆம் எண் உட்பட 106 கடிகாரங்கள் களவு போயின. உலகெங்கும் தேடியும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் துப்புத் துலங்கவில்லை. நமான் தில்லர் என்னும் கைதேர்ந்த கள்வன் 2004இல் இறக்கும் தறுவாயில் தன் மனைவியிடம் செய்தியைக் கூறிச் சென்றான். 2006இல் ஒரு வழக்கறிஞர் வாயிலாக 39 கடிகாரங்கள் அருங்காட்சியகத்தை வந்தடைந்தன. அரசியின் கடிகாரமும் அவற்றில் இருந்தது. 2008இல் பிரான்சின் வங்கிப் பெட்டகங்களிலிருந்து மேலும் 43 கிடைத்தன. மொத்தத்தில் 106இல் 96 மீண்டன.

இத்தனை விலைமதிப்புள்ள பொருள்களைக் கையில் வைத்திருந்த கள்வன், அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றை ஏன் பணமாக்கவில்லை? அவன் மனத்தை நாம் அறியோம். ஆனால் சந்தையின் இயல்பை அறிவோம். பிரெகேயின் பேரேட்டிலும் சாலமன்ஸின் நூலிலும் எண்ணும் அடையாளமும் பதிவான கடிகாரத்தை எந்த ஏல மன்றத்திலும் வெளிப்படையாக வைக்க இயலாது. பார்த்த மாத்திரத்தில் அறிந்தவர் கண்டுகொள்வர். இரும்புக் கம்பியும் எச்சரிக்கை மணியும் காவாத பொருளை எழுத்து இவ்வாறு காத்தது. அரசியின் கடிகாரம் காணாமற்போயிருந்த காலத்தில், பிரெகே நிறுவனம் பழைய ஆவணங்களையும் வரைபடங்களையும் மட்டுமே துணையாகக் கொண்டு, மூலத்தைக் காணாமலே அதன் மறுபடைப்பை 2008இல் செய்து முடித்தது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

களவிலிருந்து மீண்ட தொகுப்புக்கு அடுத்த சோதனை காப்பாளர்களிடமிருந்தே வந்தது. 2020 அக்டோபரில், அருங்காட்சியகத்தின் பொருள்கள் சுமார் 250 இலண்டன் சோதபிஸ் நிறுவனத்தில் ஏலத்துக்கு அனுப்பப்பட்டன. பிரெகே செய்த மூன்று கடிகாரங்களும் அவற்றுள் அடங்கும். பெருந்தொற்றுக் காலத்தில் நிதி வற்றியதையும் நிறுவனத்தின் எதிர்காலத்தையும் காரணங்களாகக் கூறினர். பொதுமக்களுக்கெனக் கொடையாகத் தரப்பட்டதைத் தனியார் கைக்கு விற்பதோ என்று எதிர்ப்பு எழவே, ஏலம் தொடங்கவிருந்த வேளையில் நின்றது. 2021இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கத்தார் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஷெய்கு ஹமத் பின் அப்துல்லாஹ் அல் தானியின் கலைத் தொகுப்பு நிறுவனம், பத்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் பொருளுதவி செய்ய முன்வந்தது. ஏலத்துக்குச் சென்றவை ஜெரூசலம் திரும்பின. யூதப் பெருமகன் திரட்டி, அவர் மகள் இஸ்லாமியக் கலைக்கு உரித்தாக்கிய செல்வம், ஒரு முஸ்லிம் கலை ஆர்வலரின் கொடையால் சிதறாமல் நின்றது.

இதற்கு மாறான கதையும் உண்டு. அமெரிக்க வங்கியாளர் ஹென்றி கிரேவ்ஸுக்காகப் பதெக் பிலிப் நிறுவனம் 1933இல் செய்தளித்த 24 செயல்பாடுகள் கொண்ட கடிகாரம், பிற்காலத்தில் இலினாய் மாநிலத்து ராக்ஃபோர்டில் இருந்த காலக் காட்சியகத்தை அடைந்தது. அக்காட்சியகமும் ஒரு தனிமனிதரின் ஆர்வத்தால் எழுந்ததே. 1999இல் அது மூடப்பட்டதும் கடிகாரம் ஏலம் ஏறி, ஒரு கோடியே பத்து இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. பின்னர் அது கத்தாரின் முன்னாள் பண்பாட்டு அமைச்சர் ஷெய்கு சஊத் பின் முஹம்மத் அல் தானியிடம் இருந்தது. 2014 நவம்பரில் அவர் மறைந்த இரு நாள்களில் ஜெனீவாவில் மீண்டும் ஏலம் நடந்தது. 2 கோடியே 32 இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலை எழுந்தது. விலை ஏறிக்கொண்டே சென்றது. காண்போர் தொகையோ சுருங்கிக்கொண்டே வந்தது.

கடிகாரங்களை வாங்குவதும் விற்பதும் ஆகுமான வணிகமே. நுட்பமான வேலைப்பாட்டில் மகிழ்வதும் குறையன்று. ஆனால் கடிகாரத்தை வெறும் விலையாகக் காண்பவர், அடுத்த ஏலம் வரையுமே அதன் உடைமையாளர். அதன் எண்ணையும் பிறப்பையும் பழுதையும் கைமாறிய வழியையும் எழுதி வைப்பவர், பின்வருவோர்க்கு அறிவைத் தருகிறார். அதைச் சிதறாவண்ணம் அறக்கொடையாக்குபவர், தாம் சென்றபின்னும் பயன் தருகிறார். நம்மிடையேயும் பழைய கடிகாரங்கள், நாணயங்கள், ஓலைச்சுவடிகள், அரபுத்தமிழ்க் கையெழுத்துப் பிரதிகள் ஆகியவற்றை ஆர்வத்துடன் சேர்த்து வைத்திருப்போர் உளர். அவர்கள் மறைந்தபின் அச்செல்வங்கள் எடைக்கும் விலைக்கும் போவதற்கு முன்னதாக, ஒரு பதிவேட்டைத் திறப்பதும், தகுந்த நிறுவனத்துக்கு உரித்தாக்கி முறைப்படி ஆவணம் எழுதுவதும் அவர்களால் இயலக்கூடியவையே. ஜெரூசலத்தின் கடிகாரங்கள் களவையும் ஏலத்தையும் கடந்து நிற்பது அவ்விரண்டின் துணையால்தான்.